வீட்டில் பழைய பீர் பாட்டில் கிடைத்ததா? குமரி மாவட்டத்தில் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகள்

என் தாய்மாமா குளச்சல்காரர். சரக்குக் கப்பலில் 26 வருஷம் வேலை பார்த்தவர். அவர் காலத்துக்குப் பிறகு வீட்டு ஓட்டை மாற்றுவதற்காக மச்சைக் காலி செய்தபோது, ஒரு தகரப் பெட்டிக்குள் பழைய மலையாளப் பத்திரிகையில் சுற்றிய 11 பீர் பாட்டில்கள் இருந்தன. ஒன்றைத் தவிர மற்றவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து, ருசித்து, நோட்டில் எழுதி வைத்தேன். விஷயம் பரவியது. இப்போது தக்கலை, மார்த்தாண்டம், பூதப்பாண்டி என்று பல ஊர்களிலிருந்தும் ஆட்கள் பாட்டிலைப் படம் பிடித்து அனுப்பிக் கேட்கிறார்கள். கேட்பது பெரும்பாலும் ஒரே சந்தேகங்கள்தான். அதனால் பதில்களை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

பீர் பழசாக ஆக நல்லா இருக்கும்னு சொல்றாங்களே, ஒயின் மாதிரியா அண்ணே?

பெரும்பாலான பீர் அப்படி இல்லை. கடையில் கிடைக்கும் மஞ்சள் நிற லாகர் சில மாதங்களுக்குள் குடிக்க வேண்டியது. அது நம்ம ஊர் அக்கானி (பதநீர்) மாதிரி. காலையில் இறக்கியதைக் காலையிலேயே குடித்தால்தான் அக்கானி. லாகருக்குக் கெடு மணிக்கணக்கு இல்லை, மாதக்கணக்கு. அவ்வளவுதான் வித்தியாசம்.

வருஷக்கணக்கில் தாங்குகிற பீர் வகைகள் கொஞ்சம்தான். ஆல்கஹால் 8 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும், அல்லது வறுத்த மால்ட் (முளைகட்டிய பார்லி) போட்ட கறுப்பு பீராக இருக்க வேண்டும், அல்லது பாட்டிலுக்குள்ளேயே ஈஸ்ட் உயிரோடு இருக்க வேண்டும், அல்லது தொடக்கத்திலேயே புளிப்பாகச் செய்ததாக இருக்க வேண்டும். இவற்றில் இரண்டு சேர்ந்தால் இன்னும் நல்லது. பழம்புளியை நினைத்துக்கொள்ளுங்கள். புளி கறுக்கக் கறுக்க ருசி ஏறும். ஆனால் எந்தக் காயையும் பானையில் போட்டு மூடி வைத்தால் பழம்புளி ஆகிவிடாது.

பேரைச் சொல்லுங்க. எது தாங்கும்?

இங்கிலாந்தில் பார்லிவைன் என்று சொல்லும் கெட்டியான ஏல் வகை பீர், இம்பீரியல் ஸ்டவுட் என்ற கடுமையான கறுப்பு பீர், பெல்ஜியத்தில் துறவிகள் மடத்தில் செய்யும் ட்ராப்பிஸ்ட் பீர்களில் கடுமையானவை, அதே நாட்டுப் புளிப்பு பீரான கூஸ். இவைதான் முதல் வரிசை. ஷிமே நீல லேபிள் 9 சதவீதம். கூஸ், தானாக விழும் ஈஸ்டிலும் பாக்டீரியாவிலும் புளித்தது. நல்ல நிலவறையில் 10, 20 வருஷம் கிடந்தாலும் அசராது.

நம்ம பக்கத்து வீடுகளில் உண்மையில் கிடைப்பவை வேறு. இலங்கை லயன் ஸ்டவுட், கின்னஸ் ஃபாரின் எக்ஸ்ட்ரா ஸ்டவுட் இரண்டும் கப்பல்காரர் வீடுகளில் அடிக்கடி வரும். முன்னது 8 சதவீதத்தைத் தொடும், பின்னது பல நாடுகளில் சுமார் 7.5. இவற்றைக் கண்டால் எனக்கு உற்சாகம் வரும். ஹைனகன், டூபோர்க், நம்ம நாட்டு லாகர்கள் எல்லாம் எத்தனை வருஷம் பழசாக இருந்தாலும் ருசியில் எதிர்பார்ப்பு வேண்டாம்.

அதிகபட்சம் எத்தனை வருஷம் வரைக்கும் தாங்கும்?

உலகத்திலேயே பேர்பெற்ற உதாரணம் ராட்க்ளிஃப் ஏல். இங்கிலாந்தில் பர்ட்டன் ஊரில் பாஸ் நிறுவனம் 1869-ல் காய்ச்சியது. அந்த பாட்டில்கள் நிலவறையில் மறந்தே கிடந்து 2006-ல் வெளியே வந்தன. 137 வருஷம்! திறந்து ருசித்தவர்கள் நன்றாகவே இருந்தது என்றார்கள். அதே நிறுவனத்தில் 1902-ல் ஏழாம் எட்வர்ட் மன்னர் வந்து தொடங்கிவைத்துக் காய்ச்சிய கிங்ஸ் ஏலும் இன்றைக்கும் அங்கங்கே திறக்கப்படுகிறது.

வயது மட்டும் போதாது என்பதற்கும் உதாரணம் உண்டு. 2010-ல் பால்டிக் கடலில் ஆலாந்து தீவுகள் பக்கம் 1840-களில் மூழ்கிய ஒரு கப்பலிலிருந்து ஷாம்பெயினோடு சில பீர் பாட்டில்களும் எடுத்தார்கள். பின்லாந்து ஆய்வாளர்கள் பரிசோதித்தபோது பாக்டீரியா உண்டாக்கிய புளிப்பும் ஆட்டு வாடையும்தான் மேலோங்கி இருந்தன. தக்கை வழியாகக் கடல்தண்ணீரும் உள்ளே போயிருந்தது.

அதெல்லாம் குளிர் நாட்டுக் கதை. நம்ம ஊர் புழுக்கத்துல?

எல்லாக் கேள்விகளிலும் முக்கியமானது இதுதான். 1968-ல் டார்செஸ்டர் ஊரில் தொடங்கிய தாமஸ் ஹார்டிஸ் ஏல் என்ற 12 சதவீத பீர், 25 வருஷம் தாங்கும் என்று லேபிளிலேயே போட்டு விற்றது. ஆனால் கூடவே ஒரு நிபந்தனை: 55 டிகிரி ஃபாரன்ஹீட்டில் வைத்திருக்க வேண்டும். அதாவது சுமார் 13 டிகிரி செல்சியஸ். நம்ம வீட்டு மச்சில் அந்தக் குளிர் ஒரு நாளும் வராது.

பீருக்குள் நடக்கும் ரசாயன மாற்றங்கள் 10 டிகிரி சூடு ஏறினால் இரண்டு, மூன்று மடங்கு வேகமாக நடக்கும். 12 டிகிரி நிலவறைக்கும் 30 டிகிரி மச்சுக்கும் 18 டிகிரி வித்தியாசம். கணக்குப் போட்டால் இங்கே 10 வருஷம் கிடந்த பீர், அங்கே 35 முதல் 70 வருஷம் கிடந்ததற்குச் சமம். ஓட்டுக்குக் கீழே மச்சில் மத்தியான வெயில் 40-ஐயும் தொடும். அப்போது கணக்கு இன்னும் மோசம்.

அதனால் யார் கூப்பிட்டாலும் நான் முதலில் பிராண்டைக் கேட்பதில்லை, "எங்கே கிடந்தது?" என்றுதான் கேட்பேன். நாஞ்சில் நாட்டு பழைய வீடுகளில் வெளிச்சமே வராத அரங்கு உண்டு. தடித்த சுவர், ஜன்னல் கிடையாது. அங்கே நெல் போட்டு வைக்கும் பத்தாயத்துக்குப் பின்னால் கிடந்த பாட்டில், மச்சில் கிடந்ததைவிடப் பல மடங்கு நல்ல நிலையில் இருக்கும். நான் இந்த மாவட்டத்தில் ருசித்ததிலேயே சிறந்த பாட்டில் பூதப்பாண்டி பக்கத்தில் ஓர் அரங்கிலிருந்து வந்த ஸ்டவுட். மலையடிவாரம், தோப்புக்குள் வீடு. அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

தேதியே இல்லையே, எத்தனை வருஷம் பழசுன்னு எப்படிக் கண்டுபிடிக்க?

லேபிளைக் கழுவாதீர்கள். ஈரத்துணி போட்டுத் துடைக்கவும் வேண்டாம். காய்ந்த பிரஷ்ஷால் தூசியைத் தட்டிவிட்டுப் படியுங்கள். நாட்டின் பெயர் நல்ல தடயம். மேற்கு ஜெர்மனி என்று இருந்தால் 1949-க்கும் 1990-க்கும் இடையில். நாட்டின் பெயர் சிலோன் என்று இருந்தால் 1972-க்கு முன்னால். ஆனால் நிறுவனத்தின் பெயரில் வரும் சிலோனை நம்பக் கூடாது, நாட்டுப் பெயர் மாறின பிறகும் அது தொடர்ந்தது. கோடு கோடாக பார்கோடு இருந்தால் 1974-க்கு முந்தியது இல்லை. இந்திய பாட்டிலில் அதிகபட்ச சில்லறை விலை "எல்லா வரிகளும் உட்பட" என்று இருந்தால் 1990-க்குப் பிந்தியது.

எங்கே விற்க அனுமதி என்ற வரியையும் பாருங்கள். ராணுவத்தினருக்கு மட்டும் என்று இருந்தால் மிலிட்டரி கேன்டீன் வழியாக வந்தது. நம்ம மாவட்டத்தில் பட்டாளத்துக்காரர் வீடு ஏராளம், அதனால் இது அடிக்கடி வரும். கேரளாவில் மட்டும் என்று இருந்தால் திருவனந்தபுரத்திலிருந்து வந்திருக்கும். டாஸ்மாக் நிறுவனம் தொடங்கியது 1983-ல், சில்லறைக் கடைகளை அது எடுத்துக்கொண்டது 2003-ல். லேபிளில் அந்தப் பெயர் இருந்தால் எந்தக் காலத்துக்கு முன்னால் இருக்க முடியாது என்பது தெரிந்துவிடும்.

இது எதுவும் உதவாவிட்டால் சுற்றியிருந்த பத்திரிகையைப் பாருங்கள். மாமாவின் பாட்டில்களில் பாதிக்கு நான் வயது கண்டுபிடித்தது பத்திரிகைத் தாளில் இருந்த தேதியை வைத்துத்தான்.

குடிச்சா உயிருக்கு ஏதாவது ஆயிருமா?

தொழிற்சாலையில் போட்ட மூடி அசையாமல் இருந்தால், பழைய பீர் நாக்குக்குப் பிடிக்காமல் போகலாமே தவிர விஷமாக மாறாது. பீரின் பிஎச் (புளிப்பு அளவு) சுமார் 4 முதல் 4.5. ஆல்கஹால் இருக்கிறது, பீரில் போடும் ஹாப்ஸ் பூவின் கசப்பு இருக்கிறது, ஆக்சிஜன் கொஞ்சம்தான். இத்தனையும் சேர்ந்த இடத்தில் நோய்க்கிருமிகள் பிழைக்காது. பிழைப்பவை புளிப்பு உண்டாக்கும் பாக்டீரியாக்கள், அவற்றால் ஆபத்து இல்லை.

உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. நம்ம வீடுகளில் காலி பீர் பாட்டிலில் மண்ணெண்ணெய், ஆசிட், ரப்பர் தோட்டத்துக்கும் வாழைக்கும் அடிக்கும் மருந்து எல்லாம் ஊற்றி வைக்கும் பழக்கம் உண்டு. மூடி திறந்து மாட்டியது போலவோ, தக்கையோ துணியோ அடைத்ததாகவோ இருந்தால் முகர்ந்துகூடப் பார்க்க வேண்டாம். அதை பீராகவே நினைக்காதீர்கள். குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்துக்கு உடனே மாற்றுங்கள்.

மாத்திரை சாப்பிடுபவர்கள், கர்ப்பிணிகள், குடியை விட்டவர்கள் "ஒரு வாய் ருசி பார்க்கத்தானே" என்று இதில் கலந்துகொள்ள வேண்டாம். எங்கள் கூட்டத்தில் குடியை விட்ட ஒரு நண்பர் உண்டு. அவர் வாசனை குறிப்பதற்கும் வருவதில்லை. பாட்டிலையும் லேபிளையும் படம் எடுத்துத் தருவது அவர்தான். திறப்பதற்கு முன்பே எடுத்துவிட்டுப் போய்விடுவார்.

மூடி துருப்பிடிச்சிருக்கு. தூரப் போடணுமா?

குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் உப்புக்காற்றில் துருப்பிடிக்காத மூடி கிடைத்தால்தான் ஆச்சரியம். வெளியே துரு இருப்பது பிரச்சினை இல்லை. துரு ஓட்டை போட்டிருக்கிறதா, மூடியின் விளிம்பில் கசிந்து காய்ந்த கறை இருக்கிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் குடிக்க வேண்டாம்.

பீர் கழுத்துவரைக்கும் இல்லாம குறைஞ்சிருக்கே. யாராவது குடிச்சுட்டு மூடினாங்களோ?

மூடிக்குள் தக்கையோ பிளாஸ்டிக்கோ வட்டமாக ஒட்டியிருக்கும். அது நூற்றுக்கு நூறு அடைப்பு இல்லை. பல வருஷங்களில் வாயுவும் கொஞ்சம் ஈரமும் வெளியே போகும், ஆக்சிஜன் உள்ளே வரும். ஒரு விரல்கடை குறைவது சாதாரணம். தோள்பட்டைக்குக் கீழே இறங்கியிருந்தால் காற்று நிறைய உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம்.

அடியில சேறு மாதிரி படிஞ்சிருக்கு?

ஈஸ்டாகவோ, மால்ட்டின் புரதம் திரண்டு இறங்கியதாகவோ இருக்கும். கெடுதல் இல்லை. ஊற்றும்போது கலக்காமல் விட்டால் போதும்.

சரி, எப்படித் திறக்கணும்?

மூன்று நாளுக்கு முன்பே பாட்டிலை நிமிர்த்தி வையுங்கள், படிவு இறங்கட்டும். ஸ்டவுட்டை ஐஸ் போலக் குளிர வைக்காதீர்கள். 12, 14 டிகிரி போதும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து நம்ம ஊர் வெக்கையில் ஒரு கால் மணி நேரம் வெளியே வைத்தால் ஏறக்குறைய அந்தச் சூடு வந்துவிடும். ரொம்பக் குளிர்ந்தால் வாசனை எதுவும் எழும்பாது, லாகரின் குறையும் தெரியாது.

தடித்த துவர்த்தை (துண்டை) பாட்டிலைச் சுற்றிக் கட்டுங்கள். உள்ளே மறுபடி புளித்திருந்தால் அழுத்தம் கூடியிருக்கும், பழைய கண்ணாடி தாங்காமல் போகலாம். நான் கண்ணுக்குக் கண்ணாடி போடாமல் எதையும் திறப்பதில்லை. மூடியை ஒரே இழுப்பில் பெயர்க்காமல் சுற்றிச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். துருத் தூள் விழாமல் பாட்டில் வாயைத் துடைத்து, வாயில் சின்னச் சில்லு உடைந்திருக்கிறதா என்று விரலால் அல்ல, விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். சில்லு தெரிந்தால் அந்த பாட்டில் அவ்வளவுதான், கொட்டிவிடுங்கள்.

பாட்டிலைச் சாய்த்தால் சாய்த்தபடியே எல்லா கிளாஸிலும் ஊற்றி முடிக்க வேண்டும். நிமிர்த்தி நிமிர்த்தி ஊற்றினால் சேறு கலங்கும். ஆளுக்கு இரண்டு வாய் போதும். வாசனையை முதல் நிமிஷத்திலேயே பிடியுங்கள். பழைய பீரில் மிக மெல்லிய வாசனைகள் கிளாஸில் நிற்காது. அப்புறம் ஒரு கால் மணி நேரம் கழித்து அதே கிளாஸை மறுபடி முகருங்கள். சில ஸ்டவுட் அப்போதுதான் வாய் திறக்கும்.

புஸ்ஸுன்னு சத்தமே வரல. செத்துப்போச்சா?

சத்தம் வராவிட்டால் வாயு போய்விட்டது. லாகருக்கு அதுவே மரணம்தான். கெட்டியான கறுப்பு பீருக்கு அப்படி இல்லை, நுரை இல்லாமலேயே நன்றாக இருந்தவற்றைக் குடித்திருக்கிறேன். ருசித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

என்ன ருசி வரும்? புளிச்ச கள்ளு மாதிரியா?

முதலில் போவது ஹாப்ஸ் வாசனை. அடுத்து கசப்பு மங்கும். அந்த இடத்தில் லாகரில் வருவது நனைந்து காய்ந்த அட்டைப்பெட்டி வாடை. ட்ரான்ஸ்-2-நோனினல் என்ற பொருள்தான் காரணம். ஒரு லிட்டரில் ஒரு மைக்ரோகிராமில் பத்தில் ஒரு பங்கு இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். மாமாவின் பாட்டில்களில் நான் திறந்தவற்றில் ஆறு லாகர். ஆறும் அட்டை. ஆறையும் திறந்தேன், ஆறுக்கும் குறிப்பு எழுதினேன். அதில் எனக்கு வருத்தம் கிடையாது. அந்த வாடையைப் படித்துக்கொண்டதே அவற்றில்தான்.

நல்ல ஸ்டவுட், பார்லிவைன் போகும் வழி வேறு. உலர்திராட்சை, பேரீச்சை, கருப்பட்டிப் பாகு, பழம்புளி. இன்னும் வயதானால் சோயா சாஸ், இறைச்சிச் சாறு மாதிரி ஓர் உப்புச் சுவை வரும். ஈஸ்ட் செல்கள் செத்து உடைந்து கரைவதால் வருவது அது. கொஞ்சம் இருந்தால் அழகு, மிஞ்சினால் குடிக்க முடியாது. இன்னொன்றை நம்ம மூக்கு உடனே பிடித்துவிடும்: வெந்தயம். சோட்டோலான் என்ற ஒரே பொருள்தான் வெந்தயத்துக்கும் வாசனை தருகிறது, வயதான பீருக்கும் ஷெர்ரி ஒயினுக்கும் வாசனை தருகிறது. வெளிநாட்டுக் குறிப்புகளில் ஷெர்ரி, ஷெர்ரி என்று படித்துப் புரியாமல் இருந்தவனுக்கு, அஞ்சறைப்பெட்டியைத் திறந்து முகர்ந்த அன்றைக்குத்தான் பிடி கிடைத்தது. நீங்களும் திறப்பதற்கு முன் வெந்தயம், புளி, கருப்பட்டி மூன்றையும் தட்டில் வைத்து முகர்ந்துவிட்டு ஆரம்பியுங்கள்.

மேலே சொன்ன பூதப்பாண்டி ஸ்டவுட்டுக்கு வயது 22-க்குக் குறையாது. வாயு கொஞ்சம்தான் மிச்சம். முதல் முகர்தலில் சுட்ட காப்பிக்கொட்டை, அடுத்து பேரீச்சை. விழுங்கிய பிறகு வெந்தயமும் கருப்பட்டியும் நாக்கின் ஓரத்தில் வெகுநேரம் நின்றன. அந்த வீட்டு அண்ணாச்சி ஒரு வாய் குடித்துவிட்டு, "இது அப்பா அரங்குலயே மணத்துக் கெடந்த மணம்லா" என்றார். ஐந்து பேர் இருந்தோம், கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

பச்சை பாட்டில் பீர் மட்டும் ஏன் இப்படி நாறுது?

வெயில் பட்டதால். வெளிச்சம் ஹாப்ஸின் கசப்புப் பொருளை உடைத்து, கந்தகம் கலந்த ஒரு நாற்றத்தை உண்டாக்கும். வெள்ளைக்காரர்கள் அதை ஸ்கங்க் என்ற பிராணியின் நாற்றம் என்பார்கள். நம்ம மரநாயை நினைத்துக்கொண்டால் சரி. பழுப்பு பாட்டில் இந்த வெளிச்சத்தைத் தடுக்கும், பச்சையும் வெள்ளையும் தடுக்காது. இதற்கு வருஷமெல்லாம் தேவையில்லை, நல்ல வெயிலில் சில நிமிஷம் போதும். அதனால் இந்த நாற்றத்தை வைத்து பாட்டிலின் வயதைச் சொல்ல முடியாது.

இதை வித்தா லட்சம் கிடைக்குமாமே?

கிடைக்காது. வெளிநாட்டு ஏலங்களில் விலை போகும் பாட்டில்கள் நிலவறையில் கிடந்ததற்கு ஆதாரம் உள்ளவை. நம்ம சூட்டில் கிடந்ததை யாரும் அந்த விலைக்குக் கேட்கமாட்டார்கள். அதைவிட முக்கியம், உரிமம் இல்லாமல் மது விற்பது தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். நிரம்பிய பாட்டில்களை இத்தனைக்கு மேல் வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்ற வரம்பும் உண்டு. பெட்டி நிறையக் கிடைத்தால் ஒரு வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள். காலி பாட்டில், லேபிள், மூடி சேகரிப்பதற்குத் தடையில்லை.

களியக்காவிளை தாண்டி கேரளா நண்பர்கிட்ட கொண்டுபோகலாமா?

வேண்டாம். மாநிலம் தாண்டினால் சட்டம் மாறும், சோதனைச்சாவடியில் "இது பழைய பாட்டில்" என்ற விளக்கம் எடுபடாது. நண்பரை இங்கே வரச் சொல்லுங்கள்.

நான் இப்பவே வாங்கி வச்சா, 10 வருஷம் கழிச்சு நல்லா இருக்குமா?

முதல் பதிலில் சொன்ன வகையாக இருந்தால் இருக்கும், ஆனால் நான்காவது பதிலில் சொன்ன சூட்டுக் கணக்கை மறக்காதீர்கள். அரங்கு இருந்தால் அரங்கு, இல்லாவிட்டால் தனியாக ஒரு சின்ன ஃப்ரிட்ஜை 12 டிகிரியில் ஓட விடுங்கள். சாதாரண ஃப்ரிட்ஜின் 4 டிகிரியில் கெடாது, முதிர்வதும் மெதுவாகத்தான் நடக்கும். படுக்கப் போடாமல் நிமிர்த்தி வையுங்கள். ஒரே பீரில் நான்கு வாங்கி, ஒன்றை அன்றைக்கே திறந்து குறிப்பு எழுதுங்கள். அந்தக் குறிப்பு இல்லாமல் பிற்பாடு எது மாறியது என்று சொல்ல முடியாது. வாங்குபவருக்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும் என்பது சட்டம்.

எங்க அப்பா வச்சிருந்த ஒரே பாட்டில். திறக்க மனசு வரல. திறக்கலாமா, வேண்டாமா?

இதற்குத்தான் நான் அதிக நேரம் யோசித்துப் பதில் சொல்வது. லாகராக இருந்தால் திறக்காதீர்கள். உள்ளே அட்டை வாடையைத் தவிர எதுவும் இல்லை, வெளியே அப்பா தொட்ட லேபிள் இருக்கிறது. ஸ்டவுட்டாக, கெட்டியான ஏலாக இருந்தால் நான் திறக்கச் சொல்வேன். நம்ம சூட்டில் அது ஒவ்வொரு கோடையிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறது. யார் யார் அப்போது கூட இருக்க வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள், அவர்கள் எல்லோரும் ஊருக்கு வரும் சமயத்தில் திறவுங்கள். திறந்த பிறகும் பாட்டில் உங்களிடமே இருக்கும். மூடியை வளைக்காமல் எடுத்தால் அதையும் வைத்துக்கொள்ளலாம்.

மாமாவின் 11-ல் பத்தைத்தான் திறந்தேன். பதினொன்றாவது ஒரு லாகர், மாமி அதைத் தரவில்லை. சாமி படத்துக்குப் பக்கத்து அலமாரியில், அதே மலையாளப் பத்திரிகையில் சுற்றி வைத்திருக்கிறார்.